சக்கரத்தைப் பார்த்தவர் சொல்லட்டும்

2021 மே 6. கொரோனா இரண்டாம் அலை நாட்டையே உலுக்கிக்கொண்டிருந்த நேரம். நாக்பூர் விமான நிலையத்திலிருந்து ஏர் ஆம்புலன்ஸ் ஒன்று புறப்பட்டது. பீச்கிராஃப்ட் கிங் ஏர் சி-90 ரகத்தைச் சேர்ந்த சிறிய இரட்டை எஞ்சின் விமானம். உள்ளே நோயாளி ஒருவர், மருத்துவர் ஒருவர், இரண்டு விமானிகள் உட்பட ஐந்து பேர். ஓடுபாதையை விட்டு எழும்போது அதன் சக்கரம் ஒன்று கழன்று விழுந்தது. அங்கே காவல் பணியில் இருந்த மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர் அதைப் பார்த்தார். உடனே கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் கொடுத்தார். விமானம் இறங்க வந்த மும்பையில் முழு அவசரநிலை அறிவிக்கப்பட்டது. தீயணைப்பு வண்டிகள் ஓடுபாதையில் நுரையைப் பரப்பிவைத்தன. இரவு ஒன்பது மணியளவில் விமானி சக்கரங்களை இறக்காமலேயே, விமானத்தை அதன் வயிற்றுப் பகுதியால் தரையில் சறுக்கவிட்டு நிறுத்தினார். ஐந்து பேருக்கும் காயமில்லை.

விமானியின் திறமையை நாடே பாராட்டியது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்தக் காவலரைப் பற்றி நாம் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அவருடைய வேலை நிலையத்தைக் காப்பது. விமானத்தின் சக்கரத்துக்கும் அவருக்கும் உத்தியோக முறையில் எந்தச் சம்பந்தமும் இல்லை. ‘நமக்கெதற்கு வம்பு, அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்’ என்று நின்றிருந்தால் அவரை யாரும் கேள்வி கேட்டிருக்க முடியாது. விமானிக்கோ, இறக்கைக்குக் கீழே இருக்கும் சக்கரம் போனது தானாகத் தெரிந்துவிடும் என்று சொல்ல முடியாது. அப்படித் தெரியாமல் வழக்கம்போல இறங்க முற்பட்டிருந்தால், ஒரு பக்கம் சக்கரமும் மறு பக்கம் வெறும் தண்டுமாக, நூறு மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் தரையைத் தொட்டிருக்க நேர்ந்திருக்கும். பார்த்தவர் சொன்னார், கேட்டவர்கள் நம்பினார்கள், அடுத்தடுத்த கைகள் தயாராயின. அந்த ஐந்து உயிர்களும் இந்தத் தொடரால்தான் தப்பின.

இந்தத் தொடர் நம் நாட்டுச் சிறு விமானத் துறையில் எல்லா நாளும் இப்படி இயங்குகிறதா என்பதுதான் என் கேள்வி. இயங்கவில்லை என்பது என் முடிவு. அதற்கு ஒருவரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்தச் சக்கரங்களைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். செஸ்னா 172 போன்ற விமானங்களில் சக்கரம் எப்போதும் வெளியே நிற்கும். 1956-ல் விற்பனைக்கு வந்து, இதுவரை 44,000-க்கும் மேல் தயாரிக்கப்பட்ட அந்த விமானத்தில்தான் உலகெங்கும் லட்சக்கணக்கானவர்கள் பறக்கக் கற்றுக்கொண்டார்கள். பைப்பர் ஆரோ, பீச்கிராஃப்ட் பொனான்சா, கிங் ஏர் போன்றவை பறக்கத் தொடங்கியதும் சக்கரத்தை மடக்கி உள்ளே இழுத்துக்கொள்பவை. இதனால் காற்றின் எதிர்ப்பு குறைகிறது, வேகம் கூடுகிறது. ஆனால் மோட்டார், ஹைட்ராலிக் பம்ப், குழாய்கள், பூட்டும் கொக்கிகள், விரல்நுனி அளவே உள்ள மைக்ரோ சுவிட்சுகள் என்று அத்தனையும் பிசகாமல் வேலை செய்தாக வேண்டும். மூன்று கால்களும் இறங்கிப் பூட்டிக்கொண்டால் விமானிக்கு முன்னால் மூன்று பச்சை விளக்குகள் எரியும். ஒன்று எரியாவிட்டால், கால் பூட்டிக்கொள்ளாமல் இருக்கலாம், சுவிட்ச் கெட்டிருக்கலாம், வெறும் பல்புகூடப் போயிருக்கலாம். மாற்று வழிகளும் உண்டு. பைப்பர் ஆரோவில் ஹைட்ராலிக் அழுத்தத்தை விடுவித்தால் சக்கரங்கள் தம் எடையிலேயே கீழே விழுந்து பூட்டிக்கொள்ளும். பழைய பொனான்சாவில் இருக்கைக்குப் பின்னால் உள்ள கைப்பிடியைச் சுமார் 50 சுற்று சுற்றி இறக்க வேண்டும்.

இயந்திரத்தில் எந்தக் கோளாறும் இல்லாமல், இறக்கவே மறந்துபோய் வயிற்றால் இறங்கிய விமானங்களும் உலகெங்கும் ஏராளம். எச்சரிக்கை ஒலி காதருகே அலறிக்கொண்டிருக்கும்போதே இறங்கியவர்கள் உண்டு. குறுக்கே வேறொரு விமானம் வந்திருக்கும், வானொலியில் யாரோ பேச்சுக் கொடுத்திருப்பார்கள், எப்போதும் செய்கிற சரிபார்ப்பில் ஒரு படி நழுவியிருக்கும். அனுபவசாலிகளுக்கும் இது நேர்ந்திருக்கிறது.

நல்லவேளையாக, சிறு விமானம் வயிற்றால் இறங்கும்போது உயிர் போவது அரிது. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் நியூகாஸில் நகரில், சக்கரம் இறங்காத ஒரு கிங் ஏர் மணிக்கணக்கில் வட்டமடித்து எரிபொருளைக் குறைத்துக்கொண்டு, பிறகு ஓடுபாதையில் வயிற்றால் சறுக்கி நின்றது. விமானியும் இரண்டு பயணிகளும் தாங்களே நடந்து வெளியே வந்தார்கள். புரொப்பெல்லர் வளையும், எஞ்சினைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும், அடிப்பகுதி கிழியும், பணத்தோடு போகும்.

இதில்தான் எனக்குக் கவலை. உயிர் போகாததால் இந்தச் சம்பவங்கள் யார் மனதிலும் தங்குவதில்லை. ‘விமானி உயிர் தப்பினார்’ என்ற வரியோடு செய்தி முடிந்துவிடுகிறது. ஏன் நடந்தது என்று கேட்கப் பொதுமக்களுக்கும் தோன்றுவதில்லை. சொல்ல நிர்வாகத்துக்கும் அவசரமில்லை. உயிர்ப்பலி வாங்காமல் பாடம் சொல்லித்தரும் விபத்து கிடைப்பதே அபூர்வம். அதைத்தான் நாம் வீணடித்துக்கொண்டிருக்கிறோம்.

பயிற்சிப் பள்ளிக்குப் போவோம். சிறு விமானச் சக்கரங்கள் அதிகம் அடிபடுவது அங்கேதான். ஒரு மாணவர் ஒரே மணி நேரத்தில் எட்டு, பத்து முறை இறங்கி ஏறிப் பழகுவார். முதலில் பின்சக்கரங்கள் தரையைத் தொட வேண்டும். முன்சக்கரம் பிறகு மெதுவாக வந்து அமர வேண்டும். புதியவர் பதற்றத்தில் மூக்கைத் தாழ்த்திவிட்டால் முன்சக்கரம் முதலில் மோதும். விமானம் துள்ளும். அந்தத் துள்ளலை அடக்க மறுபடி மூக்கைத் தாழ்த்தினால் இரண்டாவது துள்ளல் இன்னும் பலமாக இருக்கும். செஸ்னாவில் இப்படி முன்சக்கரம் வாங்கும் அடி, அந்தத் தண்டு வழியாக எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் ஃபயர்வால் தகட்டுக்குப் போகும். தகடு சுருங்கியிருக்கலாம், ஆணிகள் அசைந்திருக்கலாம். வெளியே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. எஞ்சின் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்க்கிற பராமரிப்புப் பொறியாளருக்குத்தான் தெரியும். அவர் மூடியைக் கழற்ற வேண்டுமானால், அடி விழுந்தது என்று யாராவது அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

தனியாகப் பறந்துவிட்டு வருகிற மாணவரிடம் பயிற்றுநர் கேட்கிறார்: “எப்படிப்பா இருந்தது?”

“நார்மல்தான் சார்.”

அந்தப் பையன் பொய்யன் இல்லை. அவன் தலையில் ஓடுகிற கணக்கைப் பாருங்கள். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்தாக வேண்டும். அப்பா வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார். விமானங்கள் குறைவு, மாணவர்கள் அதிகம். மழை, மூடுபனி என்று பறக்காத நாட்களும் உண்டு. பலமாக இறங்கிவிட்டேன் என்று சொன்னால் அந்த விமானம் சோதனைக்குப் போகும். நண்பர்கள் நான்கு பேருடைய முறை அன்று ரத்தாகும். மறுநாள் எல்லார் முன்னிலையிலும் திட்டு விழும். செலவை உன் கணக்கில் எழுதட்டுமா என்றுகூட ஒரு குரல் கேட்கும். ‘நார்மல்’ என்ற ஒரு சொல்லில் இவ்வளவும் தீர்ந்துவிடுகிறது. அடுத்த மாணவி அதே விமானத்தில் ஏறுகிறாள். முந்தினவன் வாங்கிய அடியில் விழுந்த விரிசல், அவள் மெதுவாக இறங்கும்போதுகூட முறியலாம். விசாரணையில் அவள் பெயர்தான் இருக்கும்.

மாணவியும் ஏறுவதற்கு முன் விமானத்தைச் சுற்றிவந்து பார்க்கிறாள், உண்மைதான். முன்சக்கரத்துக்கு மேலே பளபளவென்று தெரிகிற ஒலியோ ஸ்ட்ரட் சில விரற்கடை வெளியே நிற்கிறதா. டயரிலும் ரிம்மிலும் சேர்த்துத் தீட்டிய கோடு விலகாமல் நேராக இருக்கிறதா. பிரேக் குழாயின் அடியில் சிவப்பு எண்ணெய் துளிர்த்திருக்கிறதா. ஆக்சில் நட்டைப் பிடித்திருக்கும் காட்டர் பின் இடத்தில் இருக்கிறதா. குனிந்து, விரலால் தடவி, ஐந்து நிமிடம் பார்த்தால் எவ்வளவோ பிடிபடும். ஆனால் தகட்டுக்குள் இருக்கும் விரிசல் இந்தச் சுற்றில் பிடிபடாது. அதைப் பிடிக்க முந்தினவனின் வாய் திறந்திருக்க வேண்டும்.

வாய் திறக்காதது மாணவன் மட்டுமல்ல. ‘இந்த ஒரு பறப்பு முடியட்டும், சாயந்திரம் பார்த்துக்கலாம்’ என்று மேலே இருந்து வருகிற பேச்சுக்கு எதிராக, விமானத்தை நிறுத்தி வைக்கும் துணிவு எத்தனை பராமரிப்புப் பொறியாளர்களுக்கு இருக்கிறது? கையெழுத்து அவருடையது, சம்பளம் கொடுப்பவர் வேறொருவர். சட்டம் அவர் பக்கம் நிற்கிறது, மாதக் கடைசி நிற்பதில்லை. சின்னச் சின்னக் கோளாறுகள் பராமரிப்பு ஏட்டில் ஏறாமல் வாய்வார்த்தையாகவே கைமாறுவது இப்படித்தான்.

‘விமானியின் கவனக்குறைவு’ என்று தீர்ப்பு எழுதிவிட்டுக் கோப்பை மூடுவது எளிது. அது எவ்வளவு பெரிய தவறு என்பதை இரண்டாம் உலகப் போரே காட்டிவிட்டது. பி-17, பி-25, பி-47 தண்டர்போல்ட் ரக விமானங்கள் பத்திரமாக இறங்கி ஓடிக்கொண்டிருக்கும்போது, விமானிகள் இறக்கையின் ஃபிளாப்பை மடக்குவதற்குப் பதிலாகச் சக்கரத்தை மடக்கிவிட்டார்கள். மீண்டும் மீண்டும் இது நடந்தது. 1943-ல் இதை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சபானிஸ், விமானிகளைக் குறை சொல்லாமல் விமானி அறையைப் போய்ப் பார்த்தார். ஃபிளாப் பிடியும் சக்கரப் பிடியும் ஒரே மாதிரி, பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அப்படி இல்லாத சி-47 விமானத்தில் இந்தத் தவறு நடக்கவில்லை. சக்கரப் பிடியின் நுனியில் சிறிய ரப்பர் சக்கரத்தையும், ஃபிளாப் பிடியின் நுனியில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தச் சொன்னார். இருட்டிலும் தடவினாலே தெரியும். தவறு நின்றது. இன்றைக்கும் விமானங்களில் சக்கரப் பிடி சக்கர வடிவில் இருப்பது அங்கே தொடங்கியதுதான்.

அப்படியும் பாடம் முழுதாக ஏறவில்லை. பீச்கிராஃப்டின் பொனான்சா, பேரன் ரக விமானங்களில் இந்த இரண்டு சுவிட்சுகளும் மற்ற விமானங்களுக்கு மாறாக இடம் மாறி இருந்தன. தரையில் ஓடும்போது தவறுதலாகச் சக்கரத்தை மடக்கிவிடும் விபத்துகளில் இந்த இரண்டு ரகங்களும் தம் எண்ணிக்கைக்கு மீறிய அளவில் இடம்பெற்றிருப்பதை, அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1980-ல் தனி ஆய்வாகவே வெளியிட்டது. வடிவமைத்தவருக்கும் இந்தப் பொறுப்பில் பங்குண்டு என்று ஓர் அரசு அமைப்பு எழுத்தில் சொன்னது அது. நம் விசாரணை அறிக்கைகளும் அந்தத் துணிவோடு எழுதப்பட வேண்டும்.

சக்கரக் கோளாறைவிட அதைக் கையாளும் விதம்தான் ஆபத்தாக முடியும் என்பதற்கு ஒரு பெரிய விமானத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும். 1978 டிசம்பர் 28, அமெரிக்காவின் போர்ட்லாண்ட். யுனைடெட் நிறுவனத்தின் டிசி-8 விமானம் சக்கரத்தை இறக்கியபோது பலத்த சத்தம் கேட்டது, விளக்கு எரியவில்லை. சுமார் ஒரு மணி நேரம் வட்டமடித்தபடி கேப்டன் சக்கரத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தார். எரிபொருள் குறைந்துகொண்டே போவது உடனிருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. சொன்னார்கள், ஆனால் கேப்டனின் காதில் உறைக்கும்படி அழுத்திச் சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் புறநகரில் விழுந்து 10 பேர் இறந்தார்கள். பிறகு பார்த்தால் சக்கரங்கள் இறங்கிப் பூட்டித்தான் இருந்திருக்கின்றன. அரித்துப்போன ஒரு பாகம் முறிந்ததில், விளக்குக்கான சுவிட்ச்தான் கெட்டிருந்தது. இளையவர் அழுத்திச் சொல்லவும் மூத்தவர் நின்று கேட்கவும் முறையாகப் பயிற்சி தர வேண்டும் என்று விமான உலகம் முடிவெடுத்தது இந்த விபத்துக்குப் பிறகுதான். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட நம் பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சி இரண்டு மடங்கு வேண்டும். பயிற்றுநர்களுக்கு மூன்று மடங்கு.

சொல்வதற்கு ஒரு வாசல் திறந்துவைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டன் அருகே டி.டபிள்யூ.ஏ. விமானம் மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். அதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பு வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே இடத்தில், அதே குழப்பத்தால், மயிரிழையில் தப்பியிருந்தது. அந்தத் தகவல் அந்த நிறுவனத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. இந்த வேதனையிலிருந்து 1976-ல் பிறந்ததுதான் அமெரிக்காவின் விமானப் பாதுகாப்புத் தகவல் முறை. தண்டிக்கும் அதிகாரம் உள்ள அமைப்பிடம் அதைக் கொடுக்காமல் நாசாவிடம் கொடுத்தார்கள். தெரியாமல் செய்த தவறைப் பத்து நாட்களுக்குள் எழுதித் தந்தவருக்கு, விதிமீறல் உறுதியானாலும் பெரும்பாலும் அபராதமோ உரிம முடக்கமோ இல்லை. எழுதியவர் யார் என்ற அடையாளம் நீக்கப்படும். இதுவரை இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட தகவல்கள் சேர்ந்திருக்கின்றன.

தண்டனை இல்லை என்று சொன்னால் ஒழுங்கு கெட்டுவிடாதா என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. நியாயமான கேள்வி. கோடு எங்கே என்பதில் நாம் ஒத்துப்போனால் போதும். பலமாக இறங்கியது தவறு. அதைச் சொன்னவருக்குத் தண்டனை கூடாது. பலமாக இறங்கியதை மறைத்தது குற்றம். செய்யாத சோதனையைச் செய்ததாகக் கையெழுத்திட்டது பெருங்குற்றம். அப்படிக் கையெழுத்திடச் சொல்லி நெருக்கியவருக்கு இன்னும் கடுமையான தண்டனை வேண்டும். மாணவர், பயிற்றுநர், பொறியாளர், பள்ளி உரிமையாளர், அதிகாரி ஆகிய ஐந்து தரப்பும் இந்தக் கோட்டை ஏற்பதில் எந்த நியாயமான தடையும் எனக்குத் தெரியவில்லை.

நம் நாட்டில் இது அவசரமான விஷயம். 2023-ல் மட்டும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 1,622 வணிக விமானி உரிமங்களை வழங்கியது. பிள்ளைகள் ஏராளமாகப் பறக்க வருகிறார்கள். அதே 2023 அக்டோபரில் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் சில நாட்கள் இடைவெளியில் இரண்டு பயிற்சி விமானங்கள் விழுந்தன. 2025 ஆகஸ்டில் அதே ஊரில் ஒரு பயிற்சி விமானத்தின் முன்சக்கரம் உடைந்து, விமானம் பாதையை விட்டு விலகியது, விமானி தப்பினார். 2025-ல் இயக்குநரகம் முதன்முதலாகப் பயிற்சிப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தியபோது மேல்வகையில் ஒரு பள்ளிகூட இடம்பெறவில்லை. சேலத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் 2025 நவம்பரில் திருச்சி – புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் அவசரமாக இறங்கியதை நாம் பார்த்தோம். அது சக்கரக் கோளாறு இல்லை. ஆனாலும் சிறு விமானம் நம் வீட்டுவாசல் விஷயமாகிவிட்டது என்பது அன்று தெரிந்தது.

தன்விருப்பத் தகவல் முறை நம் இயக்குநரகத்திடமும் இருக்கிறது. ஆனால் உரிமத்தைப் பறிக்கும் கையும் அந்தத் தகவலை வாங்கும் கையும் ஒன்றாக இருக்கும்வரை, பயந்த மாணவன் எழுத மாட்டான். அந்த வேலையை ஒரு பல்கலைக்கழகத்திடமோ ஆய்வு நிறுவனத்திடமோ ஒப்படைக்கலாம். எந்த மொழியிலும் சொல்லலாம் என்று அறிவிக்க வேண்டும். ஹேங்கரில் முதலில் எண்ணெய்க் கசிவைப் பார்க்கிறவர் பெரும்பாலும் எரிபொருள் நிரப்ப வருகிறவர், விமானத்தைத் தள்ளிவிடும் ஹெல்பர், தரை துடைக்கும் அம்மா. அவர்களிடம் ஆங்கிலப் படிவத்தை நீட்டினால் என்ன பயன்? தமிழிலோ மராத்தியிலோ ஒரு குரல்பதிவு அனுப்ப வழியிருந்தால் போதும். நாக்பூர் காவலரைப் போன்றவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள்.

செலவே இல்லாத இன்னொரு வழியும் இருக்கிறது. அமெரிக்காவில் ராணுவ விமானம் இறங்க அனுமதி தரும்போது, ‘சக்கரம் இறங்கியதா, பாருங்கள்’ என்று கட்டுப்பாட்டாளர் நினைவூட்டுவது எழுதப்பட்ட விதி. அங்கே கடற்படைத் தளங்களில் ஓடுபாதை முனையில் ஓர் ஆளை நிறுத்தி, வருகிற விமானத்தின் சக்கரத்தைப் பார்க்கவைக்கும் வழக்கமும் இருந்தது. கட்டுப்பாட்டுக் கோபுரமே இல்லாத நம் சிறு விமானத் தளங்களில், பறக்கும் முறைக்குக் காத்திருக்கும் மாணவர் ஒருவரிடம் பைனாகுலரும் கையடக்க வானொலியும் கொடுத்து உட்காரவைப்பது பள்ளிக்கு எந்தப் பாரமும் இல்லை. அவர் பிறர் இறங்குவதைப் பார்த்தே பாதி பாடம் கற்றுக்கொள்வார். பலமாக விழுந்ததற்கும் அவர் சாட்சியாக இருப்பார். அப்போது ‘நார்மல்தான் சார்’ என்ற பதிலுக்கு இடமே இருக்காது.

விமானத் தளத்தைச் சுற்றி வாழ்கிற மக்களுக்கும் சொல்ல வேண்டும். சுவர் இடிந்த இடத்தில் மாட்டை உள்ளே விடுவதும், விடிகாலையில் ஓடுபாதையில் நடைப்பயிற்சி போவதும், குப்பையைக் கொட்டி நாய்களை வரவைப்பதும் சக்கரத்தின் குறுக்கே கல்லை வைப்பதற்குச் சமம். 2019 ஆகஸ்டில் உத்தரப் பிரதேசத்தின் அலிகாரில் இறங்க வந்த கிங் ஏர் ஒன்றின் சக்கரம் மின்கம்பியில் சிக்கி, விமானம் விழுந்து எரிந்தது. ஆறு பேர் தப்பியது பெரும் பேறு. இறங்கும் பாதையில் கம்பி போவதைப் பற்றி மின்வாரியமும் ஊராட்சியும் விமானத் தளமும் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும்.

ஊடகங்களுக்கும் ஒரு வார்த்தை. 2024 அக்டோபர் 11 மாலை, திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வட்டமடித்தது. 141 பேரின் குடும்பங்களும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தன. சக்கரம் இறங்குமா இறங்காதா, வயிற்றால் இறங்கப்போகிறதா என்று நிமிடத்துக்கொரு பேச்சு பரவியது. எடையைக் குறைக்க எரிபொருளைத் தீர்க்கிறார்கள், இது பயிற்சியில் உள்ள முறைதான் என்ற ஒற்றை விளக்கம் அந்த வீடுகளுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். விமானம் பத்திரமாக இறங்கியது, கேமராக்கள் கிளம்பிப்போயின. காரணம் என்ன, என்ன மாற்றினார்கள் என்று ஆறு மாதம் கழித்துக் கேட்பதும் செய்தியாளரின் வேலைதான். சிறு விமானங்களின் விசாரணை அறிக்கைகள் பொதுவில் வெளியாகின்றன. அவற்றைப் படித்து எளிய தமிழில் எழுத ஒரு செய்தியாளர் வேண்டும்.

பொறுப்பு எல்லாருக்கும் உண்டு என்பதால் சமமாக உண்டு என்று ஆகிவிடாது. அதிகாரம் அதிகம் உள்ளவர் முதலில் அசைய வேண்டும். பள்ளி உரிமையாளர் தன் சுவரில் எழுதி ஒட்டட்டும்: பலமாக இறங்கியதைச் சொன்ன மாணவரிடம் ஒரு ரூபாய்கூட வசூலிக்கப்படாது. பொறியாளர் நிறுத்திய விமானத்தைக் கிளப்பச் சொல்லி யாரும் தொலைபேசியில் பேச மாட்டோம் என்று இரண்டாவது வரியை எழுதட்டும். இயக்குநரகம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெயர்கள் இல்லாமல், எந்த ரகத்தில் எந்தப் பாகம் போனது என்று எல்லாப் பள்ளிகளுக்கும் தெரிவிக்கட்டும். ஒரு பள்ளியில் முறிந்த தண்டு, மறு பள்ளியில் முறிவதற்கு முன் மாற்றப்படும்.

பிள்ளையை விமானி ஆக்க நினைக்கும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். சேர்க்கப் போகும்போது கட்டணம் எவ்வளவு, எத்தனை மாதத்தில் முடியும் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். போன வருடம் இங்கே பலமாக இறங்கிய சம்பவங்கள் (ஹார்டு லேண்டிங்) எத்தனை பதிவாகியிருக்கின்றன, அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்றும் கேளுங்கள். ஏட்டைத் திறந்து காட்டினால் சேருங்கள். ‘அப்படி ஒன்றுகூட நடந்ததில்லை’ என்று சொன்னால், வேறு பள்ளியைப் பாருங்கள்.